என் கையெழுத்துக்கு மேலே எழுதியது

செப்டம்பர் 3, ஞாயிறு

இந்த நோட்டை யார் வாசித்தாலும் முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு எழுத்து பூசணிக்காய் அளவு இருக்கிறது. அடுத்தது கடுகு அளவு. வரி கீழே தொடங்கி மாடிப்படி ஏறுகிற மாதிரி மேலே போய்விடுகிறது. "கோடு போட்ட நோட்டுத்தானே தாத்தா, கோட்டைப் பிடிச்சுக்கிட்டே நடங்க" என்கிறார் ஜெபராணி டீச்சர். நான் நடக்கிறேன். கை நடக்க மாட்டேன் என்கிறது. நாற்பது வருஷம் ஒயர் முறுக்கி, மரத்தில் ஏறி ஒலிபெருக்கிக் குழாய் கட்டிய கை. பேனாவையும் ஒயர் என்று நினைத்து முறுக்குகிறது.

என் பெயர் அழகுமலை. வயது எழுபத்தொன்று. ஊர் வெள்ளூரணி. மைக்செட் அழகுமலை என்றால் சுற்றுப்பட்டு எல்லாருக்கும் தெரியும். எல்லாக் கட்சிக் கூட்டத்துக்கும் மைக் கட்டியிருக்கிறேன். எல்லாரும் நீதி, நேர்மை என்று பேசியதை மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். எழுதினால் அந்தச் சொற்கள் எப்படி இருக்கும் என்று ஆறு மாதத்துக்கு முன்புவரை தெரியாது. இப்போது தெரியும். நீதிக்கு இரண்டே எழுத்து. சுலபம்.

நான் எங்கள் ஊராட்சியில் மூன்றாவது வார்டு உறுப்பினர். இதற்கு முன்னாலும் ஐந்து வருஷம் இருந்தேன், பழைய பிரசிடெண்ட் காலத்தில். அப்போதெல்லாம் கைநாட்டு. போன திங்கட்கிழமைக் கூட்டத்தில் முதல் தடவையாகக் கையெழுத்துப் போட்டேன். தாள் வெள்ளையாக, அகலமாக இருந்தது. எனக்கு இடம் நிறைய வேண்டுமே, வசதியாகப் போயிற்று. நான் போட்டு முடிப்பதற்குள் மற்றவர்களுக்கு டீ ஆறிப்போனது. முடித்ததும் பிரசிடெண்ட் மாரிக்கனி எழுந்து நின்று கை தட்டியது. தன் பேனாவையே எனக்குக் கொடுத்தது. இதை அந்தப் பேனாவால்தான் எழுதுகிறேன்.

மாரிக்கனி எங்கள் கீழத்தெருப் பிள்ளை. என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடும். இந்த எழுத்து வகுப்பை ஊருக்குக் கொண்டுவந்ததும் அதுதான்.

கை வலிக்கிறது. போதும்.

செப்டம்பர் 10, ஞாயிறு

ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் துடைத்தேன். அதன் முதுகில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. இன்று வாசித்தேன். "தண்ணீர் படாமல் வைக்கவும்." முப்பது வருஷம் மழையில் நனைய வைத்தேனே. பாவம், அதுவும் பாடிக்கொண்டுதான் இருந்தது.

என் மனைவி வெயிலம்மாளிடம் வாசித்துக் காட்டினேன். "இத வாசிக்கத்தான் ஆறு மாசம் போனீங்களாக்கும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

செப்டம்பர் 17, ஞாயிறு

ஆட்டை ஓட்டிக்கொண்டு ஊரணிக்கு வடக்கே போனேன். புறம்போக்கு முழுக்க வெள்ளைக் கல் நட்டிருக்கிறார்கள். மண்வெட்டும் இயந்திரம் ஒன்று கரை போட்டுக்கொண்டிருந்தது. கேட்டால் சோலார் கம்பெனி வேலியாம். மழைத் தண்ணீர் ஊரணிக்கு வருகிற வரத்துக்கால் அந்த நிலத்தின் நடுவில்தான் ஓடுகிறது. ஊர் குடிக்கிற தண்ணீர் அது.

"யாரைக் கேட்டு நடுறீங்க?" என்றேன்.

"உங்க பஞ்சாயத்துத்தான் பெருசு தீர்மானம் போட்டுக் குடுத்திருக்கு" என்றான் மேஸ்திரி.

நானும் பஞ்சாயத்துத்தான். எனக்குத் தெரியாமல் எப்படி? வேறு ஏதாவது பஞ்சாயத்தைச் சொல்கிறான் போலிருக்கிறது.

செப்டம்பர் 27, புதன்

இன்று மாதக் கூட்டம். தீர்மானம் எழுதுகிற மினிட் நோட்டைக் கொடுங்கள், வாசித்துப் பார்க்கிறேன் என்று கிளார்க் தவசிலிங்கத்திடம் கேட்டேன். "பரீட்சைக்குப் படிக்கிறீங்களா பெரியவரே" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். எல்லாரும் டீ குடித்தார்கள். நான் என் கையெழுத்து இருக்கிற பக்கத்தைத் தேடினேன். தேடவே வேண்டாம், பக்கத்தில் பாதி நான்தான்.

வெள்ளையாக இருந்த தாள் இப்போது வெள்ளையாக இல்லை. நான்கு தீர்மானம் எழுதியிருந்தது. தெருவிளக்கு, குப்பை வண்டி, நூலகத்துக்கு வெள்ளையடிப்பது. இந்த மூன்றும் அன்று பேசியவை. நான்காவது: ஊரணிக்கு வடக்கே உள்ள புறம்போக்கில் சூரிய மின்சாரக் கம்பெனி வேலி அமைக்க இந்த மன்றத்திற்கு ஆட்சேபணை இல்லை என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

'ஒருமனதாக' என்ற சொல்லை எழுத்து எழுத்தாக மூன்று தடவை வாசித்தேன். அந்த ஒரு மனதில் என் மனதும் இருக்கிறதாம்.

எங்கள் ஊரில் இது பழக்கம். முதலில் எல்லாரும் கையெழுத்து, அப்புறம் டீ, அப்புறம் பேச்சு. எல்லாரும் கிளம்பிய பிறகு கிளார்க் மேலே எழுதிக்கொள்வார். அவர் எழுத்துத் தெரிந்தவர், நமக்கு எதற்கு என்று விட்டுவிடுவோம். யாரும் தப்பாக நினைத்ததில்லை.

மாரிக்கனி எதிரில்தான் உட்கார்ந்திருந்தது. "என்ன பெரியப்பா, எழுத்து புரியுதா?" என்றது.

"புரியுதும்மா" என்றேன். நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 28, வியாழன்

சாப்பிடவில்லை. இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'ஒருமனதாக' என்று எழுதிப் பார்த்தேன்.

அக்டோபர் 1, ஞாயிறு

உபதலைவர் ராசாமணி வீட்டுக்கு வந்தார். மேலத்தெருக்காரர். பழைய பிரசிடெண்டின் மகன். பிறந்ததிலிருந்து என்னை "ஏ மைக்செட்டு" என்று கூப்பிடுகிறவர் இன்று வாசலில் நின்று "அண்ணாச்சி" என்றார். அண்ணாச்சி யார் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

கையில் நான்கு பக்க மனு. பிரசிடெண்டைப் பதவியிலிருந்து நீக்கச் சொல்லிக் கலெக்டருக்கு. விவரம் சொன்னார். ஒன்பது உறுப்பினரில் ஆறு பேர் எழுதிக் கேட்டால் கலெக்டர் விளக்கம் கேட்பார். அது சரியில்லை என்றால் தாசில்தார் வந்து கூட்டம் போட்டு ஒவ்வொருவர் கருத்தையும் எழுதிக்கொள்வார். முடிவு கலெக்டர் கையில். பிரசிடெண்ட் போனால் வேறு ஆள் வரும்வரை பொறுப்பு உபதலைவருக்கு. இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் அவர் வேகமாகச் சொன்னார்.

"அஞ்சு பேர் போட்டாச்சு. ஆறாவது உங்க கையெழுத்து அண்ணாச்சி. ஊரணியக் காப்பாத்தணும்ல?"

"வச்சிட்டுப் போங்க. வாசிச்சிட்டுச் சொல்றேன்."

"வாசிக்கவா? நான்தான் சொல்லிட்டேனே."

"சொல்றதக் கேட்டுக் கேட்டுத்தான் எழுபது வருஷம் போச்சு."

"அப்ப நாளைக்கு வரட்டுமா?"

"நாலு பக்கம் இருக்கு. எனக்குப் பக்கத்துக்கு ஒருநாள். அஞ்சாம் நாள் வாங்க."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஒரு கையெழுத்துக்காக மேலத்தெருக்காரர் எங்கள் வாசலில் காத்திருப்பதைப் பார்க்க என் அப்பா இல்லாமல் போனார்.

அக்டோபர் 5, வியாழன்

மனுவை முடித்துவிட்டேன். நான்கு பக்கத்தில் ஒன்பது குற்றம்.

முதல் குற்றம் நான்காவது தீர்மானம். அது உண்மை.

மூன்றாவது: ஊராட்சி சிமெண்டைப் பிரசிடெண்ட் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். இது பொய். அந்த சிமெண்டு டவுனிலிருந்து வந்தது. என் மைத்துனன் டிராக்டரில்தான் வந்தது, மூட்டையை இறக்கும்போது நானும் ஒரு கை பிடித்தேன்.

ஆறாவது: உறுப்பினர்கள் நிற்கும்போது பிரசிடெண்ட் மரியாதை இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

இதை வாசித்ததும் மனுவை வைத்துவிட்டு வெளியே போய் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். ஆடு ஏற்கெனவே குடித்திருந்தது.

அந்த நாற்காலிக் கதையை எழுதிவிடுகிறேன். மாரிக்கனி ஜெயித்து வந்த முதல் கூட்டத்தில் பிரசிடெண்ட் நாற்காலி அறைக்குள் பூட்டிக் கிடந்தது. சாவி தொலைந்துவிட்டதாம். கீழத்தெருவுக்கு ஒதுக்கிய பதவி, கீழத்தெருப் பிள்ளை, அதுவும் பெண்பிள்ளை. இரண்டு கூட்டம் நின்றுகொண்டே நடத்தியது. மூன்றாவது கூட்டத்துக்கு நான் என் பந்தல் சாமானிலிருந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு மேலத்தெரு வழியாகவே போனேன். போட்டேன். "உக்காரும்மா" என்றேன். இன்றுவரை அதில்தான் உட்காருகிறது.

அந்த நாற்காலியைத்தான் ஆறாவது குற்றம் என்று எழுதியிருக்கிறார்கள்.

இந்த மனுவில் கையெழுத்துப் போட்டால் நான் யார் பக்கத்தில் நிற்கிறேன்? போடாவிட்டால் அந்த நான்காவது தீர்மானத்துக்குக் கீழே நிற்கிற என் பெயருக்கு என்ன பதில்?

ராசாமணி வந்தார். இன்னும் முடியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எழுதப் படித்த பிறகு நான் சொன்ன முதல் பொய்.

அக்டோபர் 6, வெள்ளி

வெயிலம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நம்ம தெருவுல ஒருத்தி அந்த இடத்துல உக்காந்திருக்கா. அவளை நம்ம தெரு ஆளே இறக்குனா நமக்கு உப்பு குடுக்கக்கூட ஆளிருக்காது. தெரியுமா?"

"தெரியும்."

"ராசாமணி உக்காந்தா மறுநாளே உங்க வகுப்பைப் பூட்டுவான். தெரியுமா?"

"தெரியும்."

"ஊரணி வத்திப்போனா நான்தான் ரெண்டு மைல் குடம் தூக்கணும். அதுவும் தெரியுமா?"

"வெயிலா, நீ எந்தப் பக்கம் பேசுற?"

"நான் ஒரு பக்கமும் பேசலை. எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்கன்றேன்" என்றாள். இவளுக்கு எழுத்துத் தெரிந்திருந்தால் இவள்தான் தாசில்தார்.

அக்டோபர் 8, ஞாயிறு

மாரிக்கனி வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தது. நான் உட்காரவில்லை.

"நாலாவது தீர்மானம் எப்பம்மா பேசினோம்?"

கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டது. உதறவில்லை. "பேசலை பெரியப்பா" என்றது.

அது பொய் சொல்லும், நான் கோபப்படலாம் என்று நினைத்துப் போயிருந்தேன். பொய் சொல்லவில்லை.

"கம்பெனிக்காரங்க நம்ம ஊருக்கு உயர்நிலைப் பள்ளிக்கூடம் கட்டித் தர்றேன்னாங்க. எழுதியே குடுத்திருக்காங்க. எட்டாவது முடிச்சதும் நம்ம தெருப் பிள்ளைக எத்தனை பேர் நின்னுருச்சு? ஏழு கிலோமீட்டர், பஸ்ஸும் கிடையாது. நானே அப்படி நின்னவதான். எனக்குன்னு ஒரு பைசா வாங்கலை. வாங்கினேன்னு நினைக்கிறீங்களா?"

"நினைக்கலை. ஆனா கேட்டிருக்கலாமே."

"கேட்டா மேலத்தெரு அஞ்சு பேரும் வேணாம்பாங்க. நான் கேட்டேங்கிறதுக்காகவே வேணாம்பாங்க."

"நான் சரின்னிருப்பேனே."

"வரத்துக்கால் அடைபடும்னு தெரிஞ்சா நீங்களும் சொல்லியிருக்க மாட்டீங்க பெரியப்பா."

உண்மைதான். சொல்லியிருக்க மாட்டேன். அது தெரிந்ததால்தான் என்னிடமும் கேட்கவில்லை.

"நீயே கூட்டத்தைக் கூட்டு. இப்படி நடந்துபோச்சுன்னு சொல்லி ரத்து பண்ணு. நான் உன் பக்கத்துல நிப்பேன்."

"சொன்னா பொய்யா எழுதினேன்னு நானே ஒத்துக்கிட்டதா ஆயிரும். அவங்க விடுவாங்களா? ரெண்டு மாசம் நின்னுக்கிட்டே கூட்டம் நடத்துனவ நான். மறந்துட்டீங்களா?"

"மறந்தா இங்க வந்திருக்க மாட்டேன்."

வாசலுக்கு வந்த பிறகு பின்னாலிருந்து கேட்டது. "எழுதப் படிக்கச் சொல்லிக் குடுத்ததுக்கு முதல் வேலையா என்னையத்தான் இறக்கப் போறீங்களா?"

"அடுத்த ஞாயிறு வரைக்கும் பார்க்கிறேம்மா" என்று மட்டும் சொன்னேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உட்கார்ந்திருப்பேன்.

அக்டோபர் 14, சனி

நல்ல மழை. குடையை எடுத்துக்கொண்டு ஊரணிக்குப் போனேன். வரத்துக்காலில் வந்த தண்ணீர் கம்பெனிக் கரையில் முட்டித் திரும்பி ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஊரணியில் விழுந்தது வானத்திலிருந்து நேராக விழுந்தது மட்டும்தான்.

அக்டோபர் 15, ஞாயிறு

கூட்டம் கூட்டவில்லை. சாயங்காலம் வரை வாசலில் இருந்தேன்.

அக்டோபர் 17, செவ்வாய்

ராசாமணியிடம் மனுவைத் திருப்பிக் கொடுத்தேன்.

"முதல் குத்தத்தை மட்டும் வச்சுக்கிட்டு மத்த எட்டையும் எடுத்திருங்க. வேற தாள்ல எழுதிட்டு வாங்க. அதுல போடுறேன்."

"ஒத்தக் குத்தத்துக்குக் கலெக்டர் அசைய மாட்டாரு அண்ணாச்சி. கனமா இருக்கணும்."

"உண்மை இருக்கு. கனம் போதும். சிமெண்டு மூட்டையை நான்தான் இறக்கினேன், அதுக்கு என்னையும் சேர்த்து எழுதுவீங்களா?"

"சரி, சிமெண்டை எடுத்துருவோம். நாற்காலி?"

"அது என் நாற்காலி."

அதற்குப் பிறகு நாற்காலியைப் பற்றிப் பேசவில்லை.

"இன்னொன்னு சேர்க்கணும். எழுதாத தாள்ல கையெழுத்து வாங்குறது இந்த ஊராட்சியில ரொம்பக் காலமா நடக்குதுன்னு ஒரு வரி போடுங்க."

"அது எதுக்கு? எங்கப்பா காலத்தை எதுக்கு இழுக்குறீங்க?"

"நான் உங்க அப்பா பேரைச் சொல்லலையே."

என்னைவிட்டால் அவருக்கு ஆறாவது ஆள் கிடையாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இத்தனை வயதில் இப்படி ஒரு மரியாதை. மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்ட பேச்செல்லாம் வீணாகவில்லை.

அக்டோபர் 19, வியாழன்

புது மனு வந்தது. ஒரே பக்கம். இரண்டு தடவை வாசித்தேன். எழுத்து முடிகிற இடத்துக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் குறுக்கே கோடு போட்டேன். ராசாமணி, "இது எதுக்கு?" என்றார். "இனிமே இதுல எதுவும் முளைக்கக் கூடாதுல்ல" என்றேன்.

அப்புறம் கையெழுத்துப் போட்டேன். மாரிக்கனி கொடுத்த பேனாதான். வேறு பேனா என்னிடம் இல்லை.

அக்டோபர் 22, ஞாயிறு

இன்று வகுப்பில் என் பாயில் யாரும் உட்காரவில்லை. அகலமாக உட்கார்ந்து எழுதினேன்.

அக்டோபர் 29, ஞாயிறு

எங்கள் தெருவில் ஒரு காதுகுத்து. மைக்செட் டவுனிலிருந்து வந்தது. சத்தம் சரியில்லை. குழாயை மேற்கே திருப்பிக் கட்டியிருக்க வேண்டும். போய்ச் சொல்லலாம் என்று எழுந்தேன். வெயிலம்மாள் "உக்காருங்க" என்றாள்.

கலெக்டரிடமிருந்து மாரிக்கனிக்கு நோட்டீஸ் வந்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள்.

நவம்பர் 5, ஞாயிறு

வகுப்பில் எல்லாருக்கும் புது நோட்டு வந்தது. பிரசிடெண்ட் அனுப்பியதாம். என் நோட்டின் முதல் பக்கத்தில் மற்றவர்களுக்குப் போலவே பெயர் எழுதியிருந்தது. திரு. அழகுமலை அவர்கள், மூன்றாவது வார்டு உறுப்பினர். அந்த எழுத்து எனக்குத் தெரியும்.

அவர்கள் என்று எழுதியிருக்க வேண்டாம்.

நவம்பர் 12, ஞாயிறு, தீபாவளி

யாரும் பலகாரம் கொண்டுவரவில்லை. நாங்களும் கொண்டுபோகவில்லை. மத்தியானம் பார்த்தால் அம்மிக்கல் மேல் ஒரு எவர்சில்வர் டப்பாவில் ஆறு அதிரசம். யார் வைத்தது என்று கேட்டேன். "டப்பாவப் பார்த்தாத் தெரியலையா?" என்றாள் வெயிலம்மாள். டப்பாவில் மாரிக்கனி என்று பெயர் வெட்டியிருந்தது. வாசித்தேன். திரும்பவும் மூடி வைத்தேன். பிறகு மூன்று சாப்பிட்டேன்.

நவம்பர் 26, ஞாயிறு

தாசில்தார் கூட்டம் டிசம்பர் ஐந்தாம் தேதி. சட்டையைச் சோடா போட்டு வெளுத்தாயிற்று.

டிசம்பர் 5, செவ்வாய்

இன்று நடந்ததை முழுக்க எழுதப் போகிறேன். கை எவ்வளவு வலித்தாலும் சரி.

பஞ்சாயத்து ஆபீசுக்கு வெளியே இரண்டு தெருவும் நின்றது. எங்கள் தெரு என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. மேலத்தெரு எனக்கு வழி விட்டது. இரண்டில் எது கஷ்டம் என்று இப்போதும் தெரியவில்லை.

தாசில்தார் ஒரு அம்மா. கண்ணாடி போட்டவர், அதிகம் பேசவில்லை. குற்றச்சாட்டை வாசித்தார். பிரசிடெண்டின் விளக்கத்தை வாசித்தார். தீர்மானம் முறையாக நடந்தது, உறுப்பினர்கள் சம்மதித்தே கையெழுத்திட்டார்கள் என்று விளக்கத்தில் இருந்தது. மாரிக்கனி சிவப்பு நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தது. என் பக்கம் பார்க்கவில்லை.

ராசாமணி எழுந்து சிமெண்டு என்று தொடங்கினார். "மனுவில இல்லாததைப் பேச வேண்டாம்" என்று தாசில்தார் உட்கார வைத்தார்.

கிளார்க் தவசிலிங்கம், "எல்லாம் பேசி எழுதின பிறகுதான் கையெழுத்து வாங்கினோம்" என்றார்.

நான் எழுந்தேன். "அம்மா, அந்த நோட்டைக் கொஞ்சம் காட்டணும்."

நோட்டை மேசைமேல் விரித்தேன்.

"நான் புதுசா எழுதப் படிச்ச ஆளு. என் கையெழுத்தைப் பாருங்கம்மா. இந்த மூலையில கீழ தொடங்கி இந்த மூலையில மேல ஏறி நிக்குது. கேவலமாத்தான் இருக்கு. எழுத்து முதல்ல இருந்திருந்தா என் பேரு அது மேல ஏறி மிதிச்சிருக்கும். நாலாவது தீர்மானத்தைப் பாருங்க. முதல் வரி முழுசா இருக்கு. ரெண்டாவது வரி என் பேருகிட்ட வந்ததும் நிக்குது. மூணாவது இன்னும் முன்னாலயே நிக்குது. நாலாவது வரி பாதிகூட இல்லை. என் பேரைக் கண்டு ஒதுங்கி ஒதுங்கிப் போகுது. நான் அங்க முதல்லயே உக்காந்திருந்தா மட்டுந்தானே அது ஒதுங்கணும்?"

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஒவ்வொரு வரியின் முனையிலும் விரலை வைத்துப் பார்த்தார். கிளார்க்கை நிமிர்ந்து பார்த்தார். தவசிலிங்கத்துக்கு டிசம்பர் மாதத்தில் வியர்த்தது.

நேராக, அழகாக எழுதத் தெரிந்த எட்டுப் பேருடைய கையெழுத்தும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. ஒன்றும் சாட்சி சொல்லவில்லை. என் கோணல் எழுத்துத்தான் சொன்னது. இதை டீச்சரிடம் சொல்ல வேண்டும்.

அப்போது மாரிக்கனி எழுந்தது.

"கிளார்க்கை ஒண்ணும் கேக்க வேண்டாங்க மேடம். நான் சொல்லித்தான் எழுதினார். கையெழுத்து வாங்கின பிறகுதான் எழுதினது. விளக்கத்துல நான் எழுதிக் குடுத்தது சரியில்லை. பள்ளிக்கூடத்துக்காகச் செஞ்சேன். ஆனா கேக்காமச் செஞ்சேன். அந்தத் தீர்மானத்தை ரத்து பண்ண நானே கூட்டம் போடுறேன்."

வெளியே எங்கள் தெருப் பெண்கள் யாரோ அழுதார்கள்.

தாசில்தார் ஒவ்வொருவராகக் கருத்துக் கேட்டார். ஐந்து பேர் நீக்கலாம் என்றார்கள். மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். கடைசியில் நான்.

எழுதுகிறபோது சுலபமாக இருக்கிறது. அங்கே நிற்கிறபோது சுலபமாக இல்லை. அது ஒத்துக்கொண்டுவிட்டதே, விட்டுவிடலாமே என்று மனது சொன்னது. விட்டால் அடுத்த பிரசிடெண்டும் எழுதிக்கொள்வார், மாட்டினால் ஒத்துக்கொள்வார். வெள்ளைத் தாளும் டீயும் அப்படியே இருக்கும்.

"நீக்கணும்மா" என்றேன். "குத்தம் உண்மை. இந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, அதுவும் உண்மை. ரெண்டையும் எழுதிக்கோங்க. இது மறுபடி எப்ப எலெக்‌ஷன்ல நின்னாலும் மைக்செட் நான் கட்டுவேன், அதையும் எழுதணும்னா எழுதிக்கோங்க."

"அது வேண்டாம்" என்றார் தாசில்தார். ஆனால் சிரித்துவிட்டார்.

"இன்னும் ஒண்ணு. பழைய பிரசிடெண்ட் காலத்து மினிட் நோட்டுலயும் அஞ்சு வருஷம் என் கைநாட்டு இருக்கு. அதுக்கு மேல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது. அந்த நோட்டெல்லாம் எடுத்து வெளிய வைக்கச் சொல்லுங்க. நான் ஒவ்வொண்ணா வாசிக்கப் போறேன். நேரம் ஆகும். எனக்கு அவசரமில்லை."

ராசாமணி, "அண்ணாச்சி, அது இப்ப எதுக்கு" என்றார்.

"உபதலைவரே, என்னைய மைக்செட்டுன்னே கூப்பிடுங்க. பழகிப்போச்சு" என்றேன்.

நோட்டுகளை எடுத்து வைக்கும்படி தாசில்தார் கிளார்க்கிடம் சொன்னார். சொன்னதை எழுதியும் வைத்தார். பிறகு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துக் கேட்டார். அப்படித்தான் செய்ய வேண்டும்.

டிசம்பர் 10, ஞாயிறு

வியாழக்கிழமை ரத்துக் கூட்டம் நடந்தது. மாரிக்கனி தீர்மானத்தைச் சொல்ல, கிளார்க் எல்லார் முன்னாலும் எழுதினார். ஜன்னல் திறந்திருந்தது, வெளியே நின்றவர்களுக்கும் கேட்கும்படி வாசித்தார். அதற்குப் பிறகுதான் கையெழுத்து. டீ கடைசியில் வந்தது. சூடாக இருந்தது.

என் கையெழுத்து இந்தத் தடவை கோட்டிலேயே நின்றது. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

கம்பெனிக்காரர்கள் நேற்று கரையை வெட்டித் தண்ணீருக்கு வழி விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். பள்ளிக்கூடமும் அவர்களோடு போய்விட்டது. இதை எழுதாமல் விடக் கூடாது. எங்கள் தெருப் பிள்ளைகள் ஒன்பதாவதுக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர் போக வேண்டும். அல்லது நின்றுவிடும். ஊரணியில் தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

இன்று காலையில் மாரிக்கனி வந்தது. தலையில் சிவப்பு நாற்காலி. எங்கள் தெரு நடுவிலேயே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது. வாசலில் இறக்கி வைத்தது.

"உங்க சாமான் பெரியப்பா. அடுத்து ராசாமணி வருவார். அவருக்குத்தான் சாவி இருக்கே."

"கலெக்டர் ஆர்டர் வந்திருச்சா?"

"இன்னும் வரலை."

"அப்ப நீதான் பிரசிடெண்டு. கொண்டு போய்ப் போட்டு உக்காரு. நின்னுக்கிட்டு ஒரு வேலையும் பார்க்காதே."

அது நாற்காலியின் தூசியை முந்தானையால் தட்டியது. பிறகு, "அந்தப் பேனாலயா போட்டீங்க?" என்று கேட்டது.

"வேற பேனா எனக்கு யார் குடுத்தா?"

அழப் போகிறது என்று நினைத்தேன். சிரித்தது. உள்ளேயிருந்து வெயிலம்மாளும் சிரித்தாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்று உள்ளே கூப்பிட்டாள். சாப்பிடும்போது பள்ளிக்கூடம் கேட்டுக் கலெக்டருக்கு ஒரு மனுப் போடுவோம் என்று பேசினோம். இரண்டு தெருவும் கையெழுத்துப் போட வேண்டும். மாரிக்கனி எழுதுகிறேன் என்றது. நான் எழுதுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். நேரம் ஆகும், ஆனால் என் எழுத்தைக் கலெக்டர் ஆபீசில் யாரும் மறக்க மாட்டார்கள்.

போகும்போது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனது. மேலத்தெரு வழியாகப் போகச் சொன்னேன். அப்படியே போனது.

இந்தப் பக்கத்தின் அடியில் நாலு விரல் இடம் மிச்சமிருக்கிறது. அதில் குறுக்கே கோடு போடப் போகிறேன். வருகிற ஞாயிறு எழுத வேண்டியதைப் புதுப் பக்கத்தில் தொடங்கிக்கொள்வேன்.